யாஷ்ஹா பிரமிடு உச்சியில் ஒரு மாலை: அரை நாள் சுற்றுலாவுக்கு முழுமையான வழிகாட்டி

பழங்காலப் பிரமிடு ஒன்றின் மேல் ஏறி நின்று பொழுது சாய்வதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. ஆனால் அதற்கு இடம் கொடுக்கும் ஊர்கள் குறைவு. எகிப்தின் கிசாவில் பிரமிடுகள் மேல் ஏறத் தடை. மெக்சிகோவின் சிச்சேன் இட்சாவிலும் பெரிய பிரமிடில் ஏற விடுவதில்லை, மாலை நெருங்கும்போதே வாசலைச் சாத்திவிடுகிறார்கள். ஏறவும் விட்டு, சூரியன் மறையும் வரை இருக்கவும் விட்டு, கூட்டமும் இல்லாமல் இருக்கும் இடம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் வடபகுதியில், பெத்தேன் காட்டுக்குள் இருக்கும் பழைய மாயா நாகரிக நகரமான யாஷ்ஹா.

பக்கத்திலேயே திக்கால் இருக்கும்போது ஏன் யாஷ்ஹா? திக்கால் 1979 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம், மாயா நகரங்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதன் தேசியப் பூங்கா மட்டுமே 570 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதை அரை நாளில் பார்ப்பது வீண் அவசரம். மேலும் திக்காலின் மிக உயரமான நான்காம் கோயிலில் பயணிகள் உட்காரும் படிகள் கிழக்கைப் பார்த்தவை. விடியலுக்கு அது அருமை, மாலைக்கு அவ்வளவு பொருந்தாது. பூங்காவின் வழக்கமான நேரத்தைத் தாண்டி இருக்கத் தனிக் கட்டணமும் உண்டு. யாஷ்ஹாவில் 216 என்று எண்ணிட்ட கோயில் மேற்கைப் பார்த்து நிற்கிறது, கீழே ஏரி. அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் யாஷ்ஹா, முழு நாள் இருந்தால் திக்கால். இரண்டும் முடிந்தால் முதல் நாள் மதியம் இது, மறுநாள் காலை அது.

முதல் வேலை: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

பெத்தேனில் ஏறக்குறைய ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். நவம்பரிலும் ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் போகவே கூடாது என்பதில்லை. மதியம் ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்த பிறகு மாலையில் வானம் கழுவிவிட்டதுபோல் தெளிவதும் உண்டு, அப்போது மேகங்களில் ஏறும் நிறம் கோடையில் கிடைக்காது. ஆனால் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வானம் பெரும்பாலும் திறந்திருக்கும்.

பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று, புகை. மழைக்கு முன்னால் விவசாயிகள் சோளம் விதைக்க நிலத்தை எரித்துத் தயார் செய்வார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் புகை வட்டாரம் முழுக்கப் பரவி நிற்கும். சூரியன் தொடுவானத்தைத் தொடும் முன்பே சிவப்புத் தட்டாகி, மங்கி, காணாமல் போய்விடும். வெயிலும் அந்த மாதங்களில்தான் உச்சம். வேறு தேதி கிடைக்குமானால் ஏப்ரல் கடைசியையும் மே மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். ஏரி, இடிபாடுகளுக்குத் தெற்கே இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்மேற்கில் சாய்வதால் அது ஏரிப் பக்கம் நெருங்கி வந்து மறையும், தண்ணீரிலும் ஒளி விழும். ஜூனில் வடமேற்கே போய்க் காட்டுக்குள் இறங்கிவிடும். ஏரியில் பிரதிபலிக்கும் ஒளிதான் வேண்டும் என்றால் குளிர்கால மாதங்களே சரி.

ஃப்ளோரெஸ் வரை வந்து சேர்வது

சுற்றுலா தொடங்கும் ஊர் ஃப்ளோரெஸ். பெத்தேன் இட்சா ஏரிக்குள் இருக்கும் குட்டித் தீவு. கரையில் இருக்கும் சாண்டா எலேனாவுடன் ஒரு சாலைப் பாலம் இணைக்கிறது. விமான நிலையம், வங்கிகள், பேருந்து நிலையம் எல்லாம் சாண்டா எலேனாவில். தங்கும் விடுதிகளும் பயண முகவர்களும் தீவில்.

குவாத்தமாலா சிட்டியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். இரவுப் பேருந்தும் உண்டு, எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். பெலீஸ் பக்கமிருந்து வருகிறவர்கள் மெல்ச்சோர் தெ மென்கோஸ் எல்லையைத் தாண்டி வருவார்கள். யாஷ்ஹாவுக்குத் திரும்பும் சாலை அந்த எல்லைக்கும் ஃப்ளோரெஸுக்கும் நடுவில்தான் இருக்கிறது. தனி வாகனம் பேசி வருகிறவர்கள் பெட்டிகளோடு அப்படியே யாஷ்ஹாவைப் பார்த்துவிட்டு இரவு ஃப்ளோரெஸ் போய்ச் சேரலாம். ஒரே பாதையில் இரண்டு முறை அலைவது மிச்சம்.

மெக்சிகோவின் கன்கூன், துலும் பக்கமிருந்து வருகிறவர்கள் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள். குவாத்தமாலா நேரம் கன்கூனுக்கு ஒரு மணி பின்தங்கியது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா விதிகளைத் தூதரகத்திடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பயணக் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

ஃப்ளோரெஸில் தெருவுக்குத் தெரு யாஷ்ஹா மாலைச் சுற்றுலா விற்கிறார்கள். முந்தைய நாள் மாலை போய்க் கேட்டாலே பெரும்பாலும் இடம் கிடைக்கும். கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் ஆகிய நாட்களில் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். விலையைவிட முக்கியமான சில கேள்விகள் உண்டு.

வழிகாட்டி வருகிறாரா, இல்லை ஓட்டுநர் மட்டுமா? மலிவான பயணங்களில் பல வெறும் வாகன வசதிதான். வாசலில் இறக்கிவிட்டு, "ஏழு மணிக்கு இங்கே வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். யாஷ்ஹாவில் தோண்டிச் சீரமைத்தவை கொஞ்சம், மண்மேடாகவே மரம் முளைத்துக் கிடப்பவை நிறைய. எது குன்று, எது கோயில் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் பாதி நகரத்தைக் காடு என்று நினைத்துக் கடந்து போய்விடுவீர்கள். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அல்ல. வழிகாட்டியிடம் அரசுச் சுற்றுலா நிறுவனமான இங்குவாத் கொடுத்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். என்ன மொழியில் விளக்குவார் என்பதையும் கேளுங்கள். ஒரே குழுவில் ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் மாறி மாறிப் பேசினால் விளக்கம் பாதியாகக் குறையும்.

நுழைவுக் கட்டணம் சேர்த்தா, தனியா? வெளிநாட்டவருக்குப் பல ஆண்டுகளாக 80 கெட்சாலாக (குவாத்தமாலா நாணயம்) இருந்தது. அன்றைய கட்டணத்தை முகவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, சில்லறையாகக் கையில் வைத்திருங்கள். வாசலில் வங்கி அட்டையை நம்ப வேண்டாம்.

அப்புறம், புறப்படும் நேரம். இதற்குத் தனியாகவே ஒரு பகுதி வேண்டும்.

பொழுது சாயும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்தப் பயணம் இனிப்பதும் கசப்பதும் கடிகாரத்தைப் பொறுத்தது. டிசம்பரில் சூரியன் ஏறக்குறைய ஐந்தரைக்கே மறைகிறது. ஜூனில் ஆறரை வரை நிற்கிறது. ஆனால் சில முகவர்கள் வருடம் முழுக்க ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்புவார்கள். எனவே கணக்கை நீங்களே போட்டுவிடுங்கள்.

டிசம்பர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரைக்கு அஸ்தமனம். 216-ஆம் கோயில் உச்சியில் அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால், நாலே முக்காலுக்கு இருக்க வேண்டும். நல்ல இடம் பிடிக்க மட்டும் அல்ல, சாய்ந்த வெயில் காட்டின் மேல் படரும் அந்த முக்கால் மணி நேரமே காட்சியில் பாதி. இடிபாடுகளை நிதானமாகச் சுற்ற இரண்டு மணி நேரம் வேண்டும். ஆக இரண்டே முக்காலுக்கு நடக்கத் தொடங்க வேண்டும். வாசலில் பதிவேட்டில் பெயர் எழுத, கழிவறை போக, கால் மணி. ஃப்ளோரெஸிலிருந்து வண்டி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் எடுக்கும். ஆக, பன்னிரண்டரைக்குக் கிளம்பியாக வேண்டும். "ஒன்றரைக்கு வண்டி" என்று சொன்னால், டிசம்பரில் உங்களுக்கு இடிபாடுகளில் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். அதே ஒன்றரை மணி, ஜூனில் சரியான நேரம்.

இந்தக் கணக்கை முகவரிடமே சொல்லிக் கேளுங்கள். சூரியன் மறைந்த உடனே இறங்கச் சொல்வார்களா என்பதையும் கேளுங்கள். வெப்ப மண்டலத்தில் அந்தி குறுகியது, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். ஆனால் சூரியன் போன பிறகு வரும் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில்தான் நிறங்கள் ஆழமாகும். அதுவரை உட்கார விடும் வழிகாட்டிதான் நல்ல வழிகாட்டி.

பையில் என்ன போடுவது

நெற்றியில் கட்டும் டார்ச் அவசியம். போன் வெளிச்சம் போதாது, இறங்கும்போது இரண்டு கையும் கைப்பிடியில் இருக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொசு விரட்டி, முழுக்கை மெல்லிய சட்டை, பாஸ்போர்ட் நகல். மழைக்காலமானால் மழைக்கோட்டும் போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும். டெங்கு உள்ள வட்டாரம் இது. மாலையில் உச்சியில் காற்று இருக்கும், ஆனால் கீழே மரத்தடியில் கொசு பதம் பார்த்துவிடும்.

செருப்பு வேண்டாம். சுண்ணாம்புக் கல் மழைக்குப் பின் சோப்புத் துண்டு மாதிரி வழுக்கும். அடிப்பாகம் பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். டிரோனை அனுமதி வாங்காமல் கொண்டுபோகாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பயணங்களில் இரவு உணவும் சேர்த்துத் தருவார்கள், பெரும்பாலும் கோழி. முன்னதாகவே "சின் கார்னே, சின் போயோ" என்று சொல்லிவிடுங்கள். இறைச்சியும் கோழியும் இல்லாமல் என்று பொருள். கறுப்புப் பீன்ஸ் மசியலும் சோள ரொட்டியான தோர்த்தியாவும் எங்கும் கிடைக்கும். ஆனால் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம். "மான்தேக்கா" சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். வாழைப்பழமும் கொஞ்சம் கடலையும் கையில் இருந்தால் கவலையே இல்லை.

வழியில்

ஃப்ளோரெஸிலிருந்து மெல்ச்சோர் போகும் தார்ச்சாலையில் கிழக்கே போய், லா மாக்கினா என்ற சிற்றூரில் வடக்கே திரும்ப வேண்டும். அங்கிருந்து 11 கிலோமீட்டர் மண்சாலை. குலுக்கும். பயணத்தில் வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கை கேட்டு வாங்குங்கள், மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். மதியச் சாப்பாடு அளவோடு இருக்கட்டும்.

இடிபாடுகளில் இரண்டு மணி நேரம்

யாஷ்ஹாவில் 500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். ஜெர்மன் ஆய்வாளர் தியோபெர்ட் மாலெர் 1904-ல் இங்கே வந்து பதிவு செய்த பிறகுதான் வெளியுலகுக்கு இந்த இடம் தெரியவந்தது. அதற்கு முன் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் காடு இதை வைத்திருந்தது. முற்கால மாயா செவ்வியல் காலம், அதாவது கி.பி. 250 முதல் 600 வரை, இந்த நகரம் ஓங்கியிருந்த காலம்.

இங்குள்ள பிரமிடுகள் பெரும்பாலும் கோயிலைத் தாங்கும் மேடைகள். எகிப்தில் போல உள்ளே அறை தேடி நுழையும் கட்டடம் அல்ல. படியேறி உச்சியில் இருக்கும் சிறிய கோயிலுக்குப் போவதுதான் நோக்கம். இது மனதில் இருந்தால் முற்றங்களின் அமைப்பு தானாகப் பிடிபடும்.

வழிகாட்டியிடம் இரண்டு இடங்களைக் கட்டாயம் கேளுங்கள். ஒன்று, இரட்டைப் பிரமிடு வளாகம். மாயா காலக்கணக்கில் 7,200 நாள் ஒரு கதுன், ஏறக்குறைய இருபது ஆண்டு. ஒவ்வொரு கதுன் முடிவையும் கொண்டாடத் திக்கால் மன்னர்கள் கிழக்கிலும் மேற்கிலும் ஒரே மாதிரி இரண்டு பிரமிடுகள் கட்டினார்கள். நான்கு பக்கமும் படி, உச்சி தட்டை, மேலே கோயில் கிடையாது. திக்காலுக்கு வெளியே இந்த அமைப்பு மிக அரிது, யாஷ்ஹாவில் அது இருக்கிறது. இரண்டாவது, வானியல் வளாகம். மேற்கே ஒரு பிரமிடு, எதிரே கிழக்கில் நீண்ட மேடை, அதன் மேல் மூன்று கட்டடங்கள். மேற்குப் பிரமிடில் நின்று சூரியன் எந்தக் கட்டடத்தின் பக்கம் உதிக்கிறது என்று பார்த்து ஆண்டின் போக்கைக் கணித்தார்கள். மாலைச் சூரியனைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் காலைச் சூரிய மேடையில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போவது பொருத்தம்.

முற்றங்களில் ஆளுயரத்துக்கும் மேலான கல் பலகைகள் நிற்கும், ஸ்டெலா என்பார்கள். இங்கே ஏறக்குறைய 40 உண்டு. பல தேய்ந்துவிட்டன. 11-ஆம் ஸ்டெலாவைத் தேடிப் பாருங்கள். அதில் வட்டமான வளையக் கண்களோடு ஒரு வீரன். அந்த முகம் மாயா முகம் அல்ல, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மத்திய மெக்சிகோவில் இருந்த தியோத்திவாக்கானின் பாணி. கி.பி. 378-ல் தியோத்திவாக்கான் தொடர்புள்ள ஒரு படைத்தலைவன் திக்காலுக்குள் நுழைந்து அரசையே மாற்றினான் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்த அலை இங்கும் வந்து மோதியதற்கு இந்தக் கல் சாட்சி.

பக்கத்து நகரமான நரான்ஹோவோடு நடந்த சண்டையையும் வழிகாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். கி.பி. 710-ல் நரான்ஹோ அரசன் யாஷ்ஹாவைத் தாக்கினான். நகரைக் கொளுத்தியதோடு நிற்காமல், இறந்த யாஷ்ஹா அரசன் ஒருவனின் எலும்புகளைத் தோண்டி எடுத்துத் தீவில் சிதறடித்ததாக நரான்ஹோ கல்வெட்டு பெருமையாகச் சொல்கிறது. அந்தத் தீவு ஏரிக்குள் இருக்கும் தொபொஷ்தே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உச்சியிலிருந்து ஏரியைப் பார்க்கும்போது அந்தத் தீவை நீங்களே தேடுவீர்கள்.

கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். இங்கே நாம் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய மரங்கள் இருக்கின்றன. சப்போட்டாவின் பிறந்த வீடு இந்தக் காடுகள்தான். உயர்ந்த அடிமரத்தில் குறுக்கு மறுக்காகப் பழைய வெட்டுத் தழும்புகள் தெரியும். சூயிங்கம் செய்யப் பால் வடித்தவர்கள் விட்டுப்போன அடையாளம் அது. திக்கால் கோயில் வாசல்களில் ஆயிரம் ஆண்டு தாண்டி நின்ற உத்தரங்கள் இதே மரத்தில் செய்தவை. மாயா மக்கள் உலகத்தின் அச்சாகக் கருதிய செய்பா, நம் இலவம் பஞ்சு மரமேதான். ஆல்ஸ்பைஸ் இலையைக் கசக்கி முகரத் தருவார்கள், கிராம்பும் பட்டையும் கலந்த மணம். ஆனால் பட்டையில் கறுப்பாக வழிந்த கறை உள்ள மரத்தைத் தொடவே வேண்டாம். அது செச்சென், நம்மூர் சேங்கொட்டையின் குடும்பம். பால் பட்டால் தோல் வெந்துவிடும்.

மேலே கிளை ஆடினால் பெரும்பாலும் சிலந்திக் குரங்கு. குச்சி எறியும், கீழே நேராக நிற்காதீர்கள். தூரத்தில் சிறுத்தை உறுமுகிற மாதிரி கேட்டால் பயப்பட வேண்டாம், அது ஹௌலர் குரங்கு. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கூட்டமாக இருக்கலாம்.

216-ஆம் கோயில்

கிழக்கு அக்ரோபோலிஸ் என்ற உயர்ந்த கட்டட மேடையின் மேல் நிற்கும் இந்தக் கோயில் 30 மீட்டருக்கும் மேல் உயரம். பழைய கல் படியில் ஏற விடமாட்டார்கள், பக்கவாட்டில் மரப்படி கட்டியிருக்கிறார்கள். செங்குத்தானது, கைப்பிடி உண்டு. அவசரப்படாமல், நடுவே நின்று மூச்சு வாங்கி ஏறலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றி யோசியுங்கள். இறக்கம் இருட்டில் இருக்கும். உயரம் என்றால் தலைசுற்றும் என்பவர்கள் கீழ் மேடையிலேயே உட்கார்ந்தாலும் வானத்தில் பாதி தெரியும், வழிகாட்டியிடம் சொல்லிவைத்தால் போதும்.

மேலே போனதும் ஒருமுறை சுற்றிலும் பாருங்கள். தெற்கே யாஷ்ஹா ஏரி, அதில் தொபொஷ்தே தீவுகள். கிழக்கே சக்நாப் ஏரி, இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய நிலத்துண்டு. வடக்கே காட்டுக்கு மேலே தலை நீட்டும் மற்றப் பிரமிடுகள். அப்புறம் மேற்கே திரும்பி உட்காருங்கள். படம் எடுப்பவர்கள் இடது பக்கம் இடம் பிடித்தால் ஏரியும் சட்டத்துக்குள் வரும். போன் திரையில் சூரியனைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் வானம் வெளிறிக் காடு மட்டும் தெரியும். பத்துப் படம் போதும். மீதி நேரம் போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

ஒளி மஞ்சளாகும்போது மரத்தலைகளில் டூக்கான்கள் இரண்டு இரண்டாகக் கடக்கும். நீண்ட அலகைக் கண்டாலே தெரிந்துவிடும். கிளிகள் சத்தம் போட்டுக்கொண்டே கூடு திரும்பும். வெயில் இறங்க இறங்க ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நிழல் முளைத்து, தட்டையாகத் தெரிந்த காடு மேடும் பள்ளமுமாகப் பிரிந்து வரும். அந்த மேடுகளில் சில இன்னும் தோண்டாத கோயில்கள். மதிய வெளிச்சத்தில் வந்திருந்தால் அவை கண்ணுக்கே பட்டிருக்காது. மாலையில் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் முதல் காரணம்.

மேகம் மூடிவிட்டால் உடனே இறங்கிவிடாதீர்கள். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே போன பின் மேகத்தின் அடிப்பகுதி சிவப்பது அடிக்கடி நடக்கும்.

இறக்கமும் திரும்பும் வழியும்

டார்ச்சை மேலேயே தலையில் கட்டிக்கொண்டு, படியைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் பிடித்து இறங்குங்கள். கூட்டத்தோடு முண்டாமல் கடைசியில் இறங்குவது நல்லது. வாகனம் நிற்கும் இடம் வரை காட்டுப்பாதையில் நடை. குழுவை விட்டுப் பிரியாதீர்கள், ஓரத்துப் புல்லில் கால் வைக்காதீர்கள். பாம்பு உள்ள காடு. வழிகாட்டி அனுமதித்தால் ஒரு நிமிடம் எல்லோரும் விளக்கை அணைத்து மேலே பாருங்கள், ஊர் வெளிச்சம் இல்லாத வானம். வெக்கையாக இருக்கிறதே என்று ஏரியில் இறங்கும் எண்ணம் வேண்டாம், முதலைகள் உண்டு.

ஃப்ளோரெஸ் சேர எட்டு, எட்டரை ஆகும். ஏரிக்கரைத் தெருவில் தள்ளுவண்டிகளில் தோஸ்தாதாவும் (மொறுமொறுப்பான தோர்த்தியா) கேக்கும் விற்பார்கள், தாமதமாகப் போனால் தீர்ந்துவிடும். வழிகாட்டி மனநிறைவாகச் சுற்றிக் காட்டியிருந்தால் இறங்கும் முன் கையில் ஏதாவது கொடுங்கள், அங்கே அது வழக்கம். மறுநாள் விடியலுக்குத் திக்கால் போகிறவர்களுக்கு வண்டி அதிகாலை மூன்று மணிக்கே வாசலுக்கு வந்துவிடும். அந்தச் சீட்டை யாஷ்ஹாவுக்குக் கிளம்பும் முன், மதியமே வாங்கி வைத்துவிடுங்கள்.